ஃபோக்லைஃப்னா தமிழ்ல என்ன?

சில யுனிவர்சிட்டில ஃபோக்லைஃப் ஆர்க்கைவ்னு ஒண்ணு இருக்கும். அதைத் தமிழ்ல எழுதச் சொன்னா பலரும் 'நாட்டுப்புறக் கலைக் காப்பகம்'னு எழுதிடறாங்க, ஆனா கலை அதுல ஒரு பங்குதாங்க.

முதல்ல வந்த சொல் ஃபோக்லோர். 1846-ல இங்கிலாந்துல வில்லியம் தாம்ஸ்ங்கிறவர் புனைபேர்ல ஒரு பத்திரிகைக்கு லெட்டர் போட்டு அதுல உருவாக்கினது. ஃபோக்னா மக்கள், லோர்னா அவங்க கத்து வச்சிருக்கிற அறிவு, அதனால கதை, பாட்டு, பழமொழி, நம்பிக்கைனு வாய்மொழிப் பக்கமே அதிகம் சாய்ஞ்சுது. ஃபோக்லைஃப் ஸ்வீடன்காரங்களோட 'ஃபோல்க்லிவ்'ங்கிற சொல்லை ஒட்டி வந்தது, வீடு கட்டுறது, சமையல், கைத்தொழில், சடங்குனு மொத்த வாழ்க்கையும் இதுல அடக்கம். 1976-ல அமெரிக்காவுல இதுக்குன்னே சட்டம் போட்டப்போ குடும்பம், இனம், தொழில், மதம், வட்டாரம்னு எல்லாக் குழுவையும் சேர்த்தாங்க, கிராமத்துலதான் இருக்கணும்னு ஒரு வார்த்தைகூட கிடையாது.

ஒரு தாலாட்டை எடுத்துக்கோங்க. பாட்டு வரியை மட்டும் எழுதி வச்சா கையில இருக்கிறது ஃபோக்லோர். தூளிச் சேலையை எப்படி முடிச்சுப் போட்டாங்க, ஆட்டுற கைக்கு ஏத்த மாதிரி ராகம் எங்க இழுபடுது, பிள்ளை சிணுங்கினதும் எந்த வரியில மாமன் பேரைச் சொருகினாங்க, பாடினவங்க யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, இதெல்லாம் சேர்ந்து பதிவானாத்தான் அது ஃபோக்லைஃப்.

தமிழ்ல, நாட்டுப் பாடல்களைத் தொகுத்த தமிழறிஞர் கி.வா.ஜ. (கி.வா. ஜகந்நாதன்) காலத்துல 'நாடோடி'ப் பாடல்னாங்க, இன்னைக்கு நாடோடினா ஊர் ஊரா அலையறவர்னுதான் படுது. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல துறைப் பேரு நாட்டுப்புறவியல், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில நாட்டார் வழக்காற்றியல். 'புறம்'னு சொன்னதும் மனசு கிராமத்துக்குப் போயிடுது, டவுன்ல லாரி டிரைவருங்களுக்குள்ள ஓடுற கதையும் பழக்கமும் வெளியில நின்னுடுது. 'நாட்டார்' மக்களைச் சொல்லுது. வழக்காறு இன்னும் அருமையான சொல், வழக்கு + ஆறு, ஆறுனா வழி, மக்கள் வழங்கிட்டு வர்ற வழி. தொல்காப்பியப் பாயிரமே 'வழக்கும் செய்யுளும்'னு வழக்கைத்தான் முன்னால வைக்குது.

அதனால என்னைக் கேட்டா ஃபோக்லோருக்கு நாட்டார் வழக்காறு, ஃபோக்லைஃபுக்கு நாட்டார் வாழ்வியல். நாட்டார்ங்கிறது சில சமூகங்களோட பட்டப்பேரும்தானேன்னு கேப்பீங்க, சரிதான், ஆனா பக்கத்துல வாழ்வியல்னு வந்துட்டா யாருக்கும் குழப்பம் வராது.

இதோட சேர்ந்தே அடிக்கடி வர்ற இன்னொரு இங்கிலீஷ் சொல் ஹெரிடேஜ், அதுக்கு மரபுங்கிற சொல்லே போதும். மரபுன்னா கை மாறிக்கிட்டே இருக்கணும், அதனால காப்பகத்துல ரெக்கார்டிங்கைப் பூட்டி வைக்காம, பாடினவங்களோட சம்மதம் வாங்கி அவங்க பேரைப் போட்டு ஒரு காப்பியை அவங்க வீட்டுக்கே கொடுக்கணும், பேத்தி கேட்டுப் பாடட்டும்.