தொழிற்சங்கம்

குடியாத்தம் பக்கம் ‘யூனியன் ஆபீஸ் எங்கே?’ என்று கேட்டால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்குத்தான் வழி சொல்வார்கள். ஊராட்சி ஒன்றியத்துக்கு ‘யூனியன்’ என்பதுதான் பேச்சுப் பெயர். தொழிலாளர்களின் அமைப்பை வெறுமனே ‘சங்கம்’ என்றாலே போதும், புரிந்துவிடும்.

‘டிரேட் யூனியன்’ என்பதில் யூனியன், ‘ஒன்று’ என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டிரேட் முதலில் வழித்தடத்தைக் குறித்தது. பிறகு ஒருவர் செய்யும் பிழைப்பை, கைத்தொழிலைக் குறித்தது. வியாபாரம் என்ற பொருள் அதற்கு அப்புறம் வந்ததுதான். ஆகவே ‘வணிகச் சங்கம்’ என்று பெயர்ப்பது பிழை, அது கடைக்காரர்களுடையது. தொழில் + சங்கம் = தொழிற்சங்கம். ‘தொழில்சங்கம்’ என்று எழுத வேண்டாம். சங்கம் வடமொழி வழி வந்தது என்று ‘தொழிலாளர் ஒன்றியம்’ என எழுதுவோரும் உண்டு. எங்கள் ஊரில் அது மறுபடியும் பி.டி.ஓ. ஆபீசில்தான் கொண்டுபோய் விடும். தொழிற்சங்கமே போதும்.

1918 ஏப்ரல் 27 அன்று, அன்னி பெசன்ட்டின் சகாவான பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. திரு.வி.க.வும் அதில் முன்னின்றார். சங்கத் தொழிலாளர்கள் வேலை செய்த பெரம்பூர் பின்னி ஆலையின் நிர்வாகம் நீதிமன்றம் போய், தொழிலாளர்களைத் தூண்டக் கூடாது என்று வாடியா மீது தடை வாங்கியது. சங்கம் சேர்வதற்குச் சட்டப் பாதுகாப்பு 1926இல்தான் கிடைத்தது.

ஆலை வாசலில் கூடுகிறவர்களுக்கு மட்டும்தான் சங்கம் என்று நினைப்பது தவறு. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டில் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். இரவே இலையை நனைத்து வைத்து, காலையில் அளவு பார்த்து வெட்டி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. சரியில்லை என்று கழித்த பீடிக்குக் காசு கிடையாது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுத் திண்ணையில் இருப்பதால் ஏஜெண்டிடம் தனியாகத்தான் பேச வேண்டும். வீட்டிலிருந்து சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் ஏற்றது. சங்கத்தின் தேவை இவர்களுக்குத்தான் மிக அதிகம் என்பேன்.

‘சங்கமெல்லாம் அந்தக் காலம்’ என்பவர்கள் 2023 ஏப்ரலை நினைத்துப் பார்க்கட்டும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் மெஷின் முன் இருக்கும் பெண்ணுக்கு, எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும் அந்த நான்கு மணி நேரம் என்னவென்று தெரியும்.

2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. அங்குள்ள தொழிலாளர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்ததால் பதிவு இழுத்தடிக்கப்பட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2025 ஜனவரியில் அந்தப் பெயரோடே பதிவானது.