சிறுபிள்ளைகளின் நோய்க்காலப் பராமரிப்பு: வன்னிப் பெற்றோருக்கு உரிய இலவசச் சேவைகள்

இலங்கையின் அரச சுகாதார சேவை கட்டணமின்றி வழங்கப்படுவதால், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் அரச வைத்தியசாலைகளில் பிள்ளையின் காய்ச்சலுக்கோ வயிற்றோட்டத்துக்கோ பெறும் வைத்திய ஆலோசனை, தாதியர் பராமரிப்பு, விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சை ஆகிய எதற்கும் பணம் செலுத்த வேண்டியதில்லை. இச்சேவையில் பெற்றோருக்கு மிக அருகில் இருப்பவர், ஊரில் மருத்துவமாது என்று அழைக்கப்படும் குடும்பநல உத்தியோகத்தர். பிரசவத்தின் பின் வீட்டுக்கு வந்து தாயையும் சிசுவையும் பார்ப்பதும், கிளினிக்கில் நிறை பார்த்துப் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் குறிப்பதும் அவருடைய கடமைகள். 2, 4, 6 ஆம் மாதங்களில் ஏற்றப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசி உட்பட அட்டவணையிலுள்ள ஊசிகளும் கிளினிக்கில் இலவசமே.

வயிற்றோட்டத்தின்போது தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அது பிள்ளையை மேலும் சோர்வடையச் செய்யும்; தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். உடலில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூளான ஜீவனியின் ஒரு பைக்கற்றை, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பைக்கற்றை ஒரு குவளையில் கண்மதிப்பாகக் கரைத்தால் உப்பின் அளவு பிழைத்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்னரும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கரண்டியால் சிறிது சிறிதாகப் பருக்கலாம். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னரைவிட மெதுவாகத் தொடர வேண்டும். 24 மணித்தியாலம் கடந்த கரைசலை ஊற்றிவிட வேண்டும். கண்கள் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் அது மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பினால், பிள்ளையின் உடலில் நீர் வற்றுகிறது என்று கொண்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இருமலும் தடிமனும் உள்ள பிள்ளையின் சட்டையை உயர்த்தி, அழாமல் இருக்கும் வேளையில் ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 40 என்ற எண்ணிக்கையை மூச்சு எட்டினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலோ அது நியூமோனியாவாக இருக்கக்கூடும். இந்நிலையில் கடையில் இருமல் பாணி வாங்கிக் கொடுத்துக் காலந்தாழ்த்துவது ஆபத்தானது.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோலின் அளவை வயதைக் கொண்டன்றி நிறையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பதால், வைத்தியரிடம் செல்லும்போது பதிவேட்டைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். ஒரு வேளை மருந்துக்கும் அடுத்த வேளை மருந்துக்கும் இடையில் ஆறு மணித்தியாலம் இருப்பது நல்லது. டெங்கு உள்ள நாடு என்பதால் அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றைத் தாமாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு வைத்தியத்துக்கு இடமேயில்லை.

பாலோ நீரோ குடிக்க முடியாமை, குடித்த அனைத்தையும் சத்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பிரதான வீதியிலிருந்து விலகிய குடியிருப்புகளில் இரவில் வாகனம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை வன்னியில் வாழ்வோர் அறிவர். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அழைப்பவர் கிராமத்தின் பெயரோடு, அருகிலுள்ள கோயில், பாடசாலை, குளக்கட்டு போன்ற ஓர் அடையாளத்தையும் சொல்ல வேண்டும்.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் நோய் விபர அட்டையைப் பதிவேட்டுக்குள் வைத்து, மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். மருந்தை எத்தனை நாள் தொடர்வது, குறைந்த நிறையை எவ்வாறு ஈடுசெய்வது, திரிபோசா என்ற சத்துமா தேவையா என்பவற்றை அவரிடமே கேட்டறியலாம்.