‘ஒப்பந்தத் தொழிலாளர்’ இல்லை, முறியாள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு நண்பர் தன் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவைப் படமெடுத்து அனுப்பினார். கூடவே யாரிடமோ காசு கொடுத்து வாங்கிய தமிழ் மொழிபெயர்ப்பு. அவருக்குத் தமிழ் படிக்க வராது, இங்கே உறவு யாராவது இருந்தால் காட்டலாம் என்று வாங்கி வைத்திருக்கிறார். முதல் வரியே, ‘இவர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்கு வந்தார்.’ டர்பன் இருக்கும் பகுதிக்கு அன்றைய பெயர் நேட்டால். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த என் அக்கா மகன், அவனே ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி, கேட்டான்: “அப்பவே கான்ட்ராக்ட்டா மாமா? யாரு கான்ட்ராக்டர்?”

அவன் கேட்டதில் தப்பே இல்லை. இன்றைக்கு அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் அதுதான் பொருள். 1970-ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்து நேற்றைய செய்தித்தாள் வரைக்கும், ஒப்பந்தத் தொழிலாளர் என்றால் நடுவில் ஒரு கான்ட்ராக்டர், கையில் குறைந்த சம்பளம், வாசலில் ‘நிரந்தரமாக்கு’ என்ற பதாகை. பிடிக்கவில்லையென்றால் நாளைக்கே நின்றுவிடலாம், வயிறுதான் தடுக்குமே தவிர போலீஸ் வந்து பிடிக்காது. நேட்டால் கரும்புத் தோட்டத்தில் போலீஸ் வந்து பிடித்தது. சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் கைது, வேலைக்கு வராவிட்டால் சிறை. வெறும் ஒப்பந்தம் என்றால் இந்த விஷயம் அப்படியே காணாமல் போகிறது.

மூல ஆங்கிலச் சொல் இண்டென்ச்சர். வெள்ளைக்காரன் காலத்தில் கடல் தாண்டிப் போய் இத்தனை வருஷம் தோட்டத்தில் உழைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பத்திரம் அது. லத்தீனில் பல் என்று பொருள்படும் ‘டென்ஸ்’ அதன் வேர். ஒரே தோலில் ஆவணத்தை இரண்டு தடவை எழுதி, நடுவில் பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். வழக்கு வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்ப்பது, பல் பொருந்தினால் உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டுவதெல்லாம் போய் அச்சடித்த படிவமாகிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ‘அக்ரிமென்ட்’ என்ற சொல் எளிய மக்கள் வாயில் கிர்மிட் ஆகி, இப்படியே ஆட்கள் போன பிஜியில் இன்றும் அந்தக் காலத்தின் பெயரே கிர்மிட்தான். வேர் பற்றி இவ்வளவு போதும்.

சரி, ஒப்பந்தம் வேண்டாம் என்றால் சிலர் உடனே ‘கொத்தடிமை’ என்று எடுத்துக்கொண்டு வருகிறார்கள். உணர்ச்சிக்குச் சரி. ஆனால் முன்னோரைத் தேடுகிறவனை இது இன்னும் மோசமாகத் திசைதிருப்பும். கொத்தடிமை என்பது கடனுக்குக் கட்டுப்பட்ட உழைப்பு. கடன் தீராது, காலக்கெடு கிடையாது, அப்பன் பட்டதைப் பிள்ளையும் படுவான். 1976-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள், அதற்கப்புறமும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் முக்கால்வாசிக்குக் காகிதமே கிடையாது, முதலாளியின் கணக்கு நோட்டும் வாய்ச்சொல்லும்தான். இண்டென்ச்சர் நேர் எதிர். ஐந்து வருஷம் என்று எழுதியிருக்கும். அரசாங்கமே நடத்தியது. ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை பதிவு. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்ததில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேரை இப்படி எழுதி வைத்தார்கள். ஒரு மனிதனை மாடு மாதிரி அடையாளம் எழுதியது கொடுமைதான், ஆனால் அந்தக் கொடுமையால்தான் இன்றைக்குக் கொள்ளுப்பேரன் தேட முடிகிறது. கொத்தடிமை என்று மொழிபெயர்த்தால் ‘அவங்களுக்கு ஏதுங்க ரெக்கார்டு’ என்று தேடுவதையே விட்டுவிடுவான்.

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘ஆளோலை’ என்றார். நல்ல சொல், ஆசையாகத்தான் இருந்தது. சுந்தரர் கல்யாணத்தில் சிவன் கிழவராக வந்து, நீ என் அடிமை என்று நீட்டுவது அதைத்தான். சுந்தரர் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவரோ, அது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் காட்டுகிறார். பாட்டனார் கையெழுத்தை வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பு. இரண்டு படி, ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் இண்டென்ச்சருக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அந்த ஓலை எழுதிக் கொடுத்தவர் பாட்டன், மாட்டியவர் பேரன்! தானும் தன் வழிவருவோரும் அடிமை என்று எழுதித் தருவது ஆளோலை. நம் ஆட்கள் வம்சத்தையா எழுதிக் கொடுத்தார்கள்? ஐந்து வருஷத்தைத்தான். அதனால் நண்பரோடு எனக்கு ஒத்துவரவில்லை, இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் கட்சி ‘முறி’. அகராதியைப் புரட்டினால் முறிக்குத் துண்டு என்றும் பொருள், எழுதிக் கொடுத்த ஆவணம் என்றும் பொருள். வெட்டப்பட்ட ஆவணத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எங்கே போய்த் தேடுவது? புதிதாகச் செய்ததும் இல்லை. இலங்கைச் செய்தித்தாளில் மத்திய வங்கிப் பிணைமுறி என்று படிக்கிறவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. ஆவணம் ஆள்முறி, அதை எழுதிக் கொடுத்துப் போனவர் முறியாள். பண்ணையாள், வேலையாள் மாதிரி வாயில் உட்காருகிறது. முறி என்றால் ஒடிவது அல்லவா, ஒப்பந்த முறிவு என்று குழம்பாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் குழம்பும், பழகினால் சரியாகிவிடும். அதுவும் பிடிக்கவில்லையென்றால் கிர்மிட் என்றே எழுதிவிட்டுப் போங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ‘ஒப்பந்தக் கூலி’ என்ற பழைய வழக்கு ஒப்பந்தத் தொழிலாளரைவிட எவ்வளவோ தேவலை, ஆனால் தென்னாப்பிரிக்காவில் ‘கூலி’ வசவுச் சொல். நம் சொல்தான், அங்கே போய் அழுக்காகிவிட்டது. டர்பன் நண்பர் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியாது.

1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழர் முதலாளி அடித்து இரண்டு பல் உடைந்து, ரத்தத்தோடு காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்றார். அவரைச் சும்மா விலக்கிக் கூட்டிவர காந்தியாலும் முடியவில்லை, முறியை வேறொரு முதலாளி பெயருக்கு மாற்றத்தான் முடிந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் என்று எழுதி இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், ‘வேலையை விட்டுட வேண்டியதுதானே’ என்று கேட்பார்கள்.

இன்னொரு எரிச்சல், கடல் தாண்டிப் போன எல்லாருக்கும் இந்த ஒரே பெயரை ஒட்டுவது. இலங்கை மலையகத்துக்குப் போனவர்கள், ஆள் திரட்டிக் கூட்டிப்போகும் மேஸ்திரியான கங்காணி பின்னால் போனவர்கள். அங்கே கடன் கணக்கு எழுதிய துண்டுச்சீட்டு, அடையாளத் தகரம், கங்காணியிடம் பட்ட கடன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது என்று தேட வேண்டிய சுவடுகளே வேறு. நேட்டால் மாதிரி ஆளுக்கொரு குடியேற்ற எண் இருக்கும் என்று நம்பித் தேடினால் வருஷக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

நண்பர் அனுப்பிய மொழிபெயர்ப்புக்கு மறுபடி வருகிறேன். அதில் ‘காவல் நிலையம்: வாண்டிவாஷ்’ என்று ஒரு வரி. கொள்ளுத்தாத்தா ஏதோ குற்றம் செய்து தப்பி ஓடினார் என்று குடும்பமே ஒரு வாரம் பேசியிருக்கிறது. மூலத்தில் இருப்பது ‘தானா’. வடக்கே தானா என்றால் போலீஸ் சரகம், அந்தச் சொல் அச்சுப் படிவத்தில் ஏறி, சென்னைக் குமாஸ்தா அதற்கு நேரே தாலுகா பெயரை எழுதியிருக்கிறார். வாண்டிவாஷ் நம் வந்தவாசி, வெள்ளைக்காரன் எழுதும் விதம் அது. மொழிபெயர்த்தவருக்கு வாண்டிவாஷைப் பார்த்துக் கொஞ்சமாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? மேலே ஜில்லா என்ற இடத்தில் வட ஆற்காடு என்று அவரே எழுதியிருக்கிறார்!

இதையெல்லாம் போனில் சொன்னேன். சிரித்தார், அப்புறம் கிராமத்தின் பெயரைப் படித்துக் காட்டினார். புதூர். வந்தவாசிப் பக்கம் எத்தனை புதூர் இருக்கிறது என்று கேட்கிறார். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.