சோற்றை நிறுத்தியும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

முக்கூடல் பக்கத்தில் இருந்து ஓர் அக்கா வந்திருந்தார். பீடி சுற்றுகிறவர். காலையில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருப்பதே அபூர்வம். ரிப்போர்ட்டை மேசையில் வைக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "சோத்தைத் தொட்டு ஆறு மாசம் ஆச்சும்மா. மூணு வேளையும் சப்பாத்தியும் குதிரைவாலியுந்தான். சர்க்கரை எறங்கவே மாட்டேங்கு." சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.1 என்று இருந்தது. அதற்கு முந்தின ரிப்போர்ட்டில் 9.3.

பாளையங்கோட்டையில் உணவு ஆலோசகராக உட்கார்ந்த நாள் முதல் இந்தப் பேச்சைக் கேட்டுவருகிறேன். களக்காட்டுக்காரர் சொல்வார், மேலப்பாளையத்தில் இருந்து வருகிறவர் சொல்வார். யாரும் பொய் சொல்வதில்லை. சோற்றை உண்மையிலேயே விட்டிருப்பார்கள்.

அடுத்த முறை வரும்போது, ராத்திரி சாப்பிடுவதை அப்படியே எடுத்து வரச் சொன்னேன். எவர்சில்வர் டப்பாவில் நான்கு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. என் மேசையில் இருக்கும் சின்னத் தராசில் ஒரு சப்பாத்தியை வைத்தேன். 60 கிராம். அதில் மாவு மட்டும் 40 கிராம் இருக்கும், அதாவது சுமார் 26 கிராம் மாவுச்சத்து. நான்குக்கும் சேர்த்து 100 கிராமுக்கு மேல். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஆக அந்த நான்கு சப்பாத்தியும் முந்நூற்றைம்பது கிராமுக்கு மேலான சோற்றுக்குச் சமம். மேலே உருளைக்கிழங்கு வேறு. தராசைப் பார்த்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "அப்போ நான் சோத்தை விடவே இல்லையாம்மா?"

தப்பு அவர் மேல் இல்லை. "சோறு சாப்பிடாதீங்க, சப்பாத்தி சாப்பிடுங்க" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பியது எங்களைப் போன்றவர்கள்தான். எவ்வளவு, எதோடு என்று உட்கார வைத்துச் சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் நம் நாட்டிலேயே பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து, மாநிலம் மாநிலமாக லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான கணக்கு அதில் இருந்து வந்ததுதான். கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். அதன் சாப்பாட்டுக் கணக்கு 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறது, புரதம் வெறும் 12 சதவீதம். தீட்டிய அரிசிக்குப் பதில் முழுக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ எடுத்தாலும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காவிட்டால் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவுக்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் அபாயம் குறைவாக இருந்தது.

இது ஒரே காலத்தில் எடுத்த கணக்கெடுப்பு. இதனால்தான் இது வந்தது என்று அடித்துச் சொல்ல இந்த வகை ஆய்வு போதாது. ஆனாலும் அந்த அக்காவின் டப்பாவில் நான் பார்த்ததும் அந்த ஆய்வு சொல்வதும் ஒன்றாகவே இருக்கின்றன.

5 சதவீதம் என்றால் பயந்துவிட வேண்டாம். ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 90 கலோரி, சுமார் 70 கிராம் சோறு. தட்டில் இருந்து ஒரு கரண்டி. அந்தக் கரண்டியை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் நாலு மணிக்குப் பசிக்கும், பசித்தால் கை முறுக்குக்குத்தான் போகும். அதனால்தான் அங்கே பயறு வர வேண்டும் என்கிறேன்.

பயறு நமக்குப் புதுசா என்ன? தொலி உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இந்த ஊர்ச் சாப்பாடு. தேங்காய்ப்பால் குழம்பான சொதியில் சிறுபருப்பு இருக்கிறது. காணத்தை, அதாவது கொள்ளை, வறுத்து அரைத்த துவையல் இல்லாத வீடு ஒரு காலத்தில் இங்கே கிடையாது. பெரியவளான பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறோம். உளுந்தில் 100 கிராமுக்கு 23 கிராம் வரை புரதம், காணத்திலும் சிறுபயறிலும் ஏறக்குறைய 22. அரிசியில் 8தான். உளுந்தஞ்சோறு வைக்கும்போது பெரும்பாலும் ஒரு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு உளுந்து போடுவார்கள். அதைச் சமபங்காக்கிப் பாருங்கள், ருசி கெடாது. தட்டில் வாங்கும் அளவையும் குறைக்க வேண்டும். பயறிலும் மாவுச்சத்து உண்டு.

"பருப்பு விக்கிற விலைக்கு..." என்று அக்கா இழுத்தார். நியாயமான கேள்வி. ரேஷனில் அரிசி காசில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். நாலு பேர் இருக்கும் வீட்டில் அது ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம், சாம்பாரில் கரைந்து போகிற அளவு. அரிசியைப் போலப் பயறும் தாராளமாகக் கிடைத்தால் என் மேசைக்கு வருகிற பாதிப் பேர் வர வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். அதுவரை காணமும் தட்டாம்பயறும் (காராமணி)தான் கைக்கு எட்டுகிறவை.

பழைய சோறு பற்றிக் கேட்காதவர்களே இல்லை. இந்தோனேசியாவில் 2015இல் வந்த ஓர் ஆய்வில், சோற்றை ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்து மறுபடி சூடாக்கிக் கொடுத்தபோது, எளிதில் செரிக்காத மாவுச்சத்து 100 கிராமுக்கு 0.64 கிராமில் இருந்து 1.65 ஆகக் கூடியது. சாப்பிட்ட 15 பேருக்குச் சராசரியாகச் சர்க்கரை ஏற்றம் சற்றுக் குறைவாக இருந்தது. அவர்கள் சர்க்கரை நோயாளிகள் அல்ல, நாம் நீரூற்றி வைக்கும் சோறும் அதுவும் ஒன்றல்ல. அப்படியே வைத்துக்கொண்டாலும் மாறியது ஒரு கிராம். மிச்ச மாவுச்சத்து சட்டியில்தான் இருக்கிறது. வயிற்றுக்குச் சுகம் என்று பழையது குடியுங்கள், ஆனால் சோற்றை அளந்து போடுங்கள். கருப்பட்டியும் அப்படித்தான், மண் வாசனையோடு இருக்கும் சர்க்கரை அது.

காய்கறியையும் பருப்பையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுப்பதும் உதவும். நியூயார்க்கில் 11 சர்க்கரை நோயாளிகளிடம் பார்த்ததில், அதே சாப்பாட்டை இந்த வரிசையில் தின்றபோது ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் காசு செலவில்லாதது, நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி, வேர்த்து, மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் பழுதானவர்கள் பயறு, பருப்பைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு அளவு சொல்வோம்.

அந்த அக்காவுக்கு நான் சோற்றைத் திருப்பிக் கொடுத்தேன். மத்தியானம் இரண்டு சின்னக் கரண்டி, கூடவே அதே அளவு பயறு, அதற்கு இரண்டு மடங்கு காய். ராத்திரி இரண்டு சப்பாத்தி, உருளைக்கிழங்குக்குப் பதில் தட்டாம்பயறுக் கறி. நூறு பீடிக்கு ஒரு தடவை எழுந்து தெருக்கோடி வரை போய் வர வேண்டும். மாத்திரை அதேதான். மூன்று மாதம் கழித்துச் சராசரி 8.0. இன்னும் இறங்க வேண்டும், அது அவருக்கும் தெரியும். ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார், "நேத்து உளுந்தஞ்சோறு பொங்குனேம்மா. பேரன் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்னான்."