இரு குரல்கள் ஒரே குரலாகக் கேட்பது எப்படி?

கன்ட்ரி இசையும் ராக் இசையும் கலந்த பாணியில் பாடிய இரட்டையர்களுள் முன்னோடிகள் என்று அமெரிக்காவின் எவர்லி சகோதரர்களைச் சொல்லலாம். 1973இல் மேடையிலேயே மனம் கசந்து பிரிந்த டானும் பில்லும் பத்து ஆண்டுகள் கழித்து, 1983 செப்டம்பரில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மீண்டும் சேர்ந்து பாடினார்கள். அவர்களைக் கேட்பவருக்கு முதலில் ஏற்படும் வியப்பு, எந்த வரியில் எவர் குரல் ஓங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போவதுதான். இத்தகைய இருவர் கச்சேரிக்குப் போகிறவர், கிட்டார் முழக்கத்தை ஒரு காதில் வாங்கிக்கொண்டாலும், இந்தக் கலப்புக்காக இன்னொரு காதைத் தீட்டி வைத்திருப்பது நல்லது.

நம் கச்சேரிகளில் இருவர் சேர்ந்து பாடினால் பெரும்பாலும் இருவரும் ஒரே சுரத்தில்தான் நிற்பார்கள். எவர்லி சகோதரர்களிடம் டான் கீழ்க்குரலில் மெட்டைப் பாட, பில் பெரும்பாலும் அதற்கு மூன்றாம் சுரத்தில் இணையாக மேலே செல்வார். அதாவது, ஒருவர் சட்ஜத்தில் நின்றால் மற்றவர் அந்தர காந்தாரத்தில் நிற்பார். கீழ்க்குரலின் அதிர்வெண் 196 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் குரலிலும் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று சீரிசைகளும் சேர்ந்தே ஒலிக்கும் என்பதால், இந்தக் குரலில் ஐந்தாவது சீரிசை 980 ஹெர்ட்ஸில் இருக்கும். மேற்குரல் சரியாக 245 ஹெர்ட்ஸில் வந்து நின்றால் அதன் நான்காவது சீரிசையும் அதே 980 ஹெர்ட்ஸ்தான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விடுவதால், அவை எவர் குரலைச் சேர்ந்தவை என்று காதால் பிரிக்க முடிவதில்லை.

கிட்டாரில் இப்படி அமையாது. அதன் தண்டில் பதித்த கம்பிக் கட்டைகள் பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் பங்கிட்டு வைத்திருப்பதால், அதே காந்தாரம் அங்கே ஏறக்குறைய 247 ஹெர்ட்ஸில் விழுகிறது. இரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நான்காவது சீரிசை 988 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்து 980உடன் மோதும்போது, ஒலி மாறி மாறி ஓங்கித் தாழ்வதைப் பள்ளி இயற்பியலில் ‘விம்மல்’ என்று படித்தோமே, அது நொடிக்கு எட்டு முறை உண்டாகி ஒலியில் மெல்லிய நடுக்கத்தைத் தருகிறது. குரலுக்குக் கட்டைகள் இல்லை. நல்ல பாடகர்கள் நீண்ட உயிரொலியில் நிற்கும்போது, விம்மல் அடங்கும் இடத்தைத் தேடிச் சுருதியை ஒரு நூலளவு இறக்கிக்கொள்ள முடியும். தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டும்போது யாரும் மீட்டாமலே எழுகிற சுயம்பு காந்தாரமும் இதே ஐந்தாவது சீரிசையின் வேலைதான்.

சுருதி பொருந்தினால் மட்டும் போதாது. ‘ஆ’ என்னும் ஒலியை ‘ஓ’விலிருந்து வேறுபடுத்துவது தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் வடிவம், அந்த வடிவம் எந்தச் சீரிசைகளைப் பெருக்குகிறதோ அதுவே குரலின் நிறம். உடன்பிறந்தவர்களுக்கு இந்தக் குழாயின் அமைப்பு ஒத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் இரத்த உறவைவிடப் பழக்கத்துக்கே கூடுதல் மதிப்பெண் தர வேண்டும் என்பது என் கணிப்பு. டானும் பில்லும் அயோவா மாநிலத்தின் ஷெனன்டோவா ஊரில், பெற்றோரின் வானொலி நிகழ்ச்சியில் சிறுவயதிலிருந்தே சேர்ந்து பாடியவர்கள். ஒரே வட்டார உச்சரிப்பும், ஒரே இடத்தில் மூச்செடுக்கும் வழக்கமும் இப்படித்தான் படிந்தன. ஒருவர் மெய்யெழுத்தைச் சற்று முந்தி முடித்தாலும் ஒற்றைக் குரல் இரண்டாகப் பிளந்துவிடும்.

மேடையில் இதற்குப் பெரிய இடையூறு டிரம்ஸ். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழாவிட்டால் சுருதியைத் திருத்திக்கொள்ள வழியில்லை. தன் குரலே கேட்காதபோது பாடகர் தம்மை அறியாமல் கத்தத் தொடங்குவார். அதனால்தான் காலடியில் சாய்த்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கரோ, இப்போதெல்லாம் காதுக்குள் செருகும் கருவியோ அவர்களுக்குத் தேவைப்படுகிறது. மைக்கின் முதுகுப் பக்கம் மானிட்டரை நோக்கி இருக்கும்படி வைப்பதும் காரணத்தோடுதான்: அந்தத் திசையில் மைக்குக்குக் காது மந்தம், எனவே ஸ்பீக்கர் ஒலி திரும்ப உள்ளே புகுந்து ஊளையிடும் வாய்ப்பு குறைவு.

இவ்வளவு கவனமாகச் சேர்த்த குரல்களை அரங்கம் கெடுத்துவிடவும் கூடும். 1871இல் திறந்த ராயல் ஆல்பர்ட் ஹாலின் குவிமாடம் சுமார் 40 மீட்டர் உயரம். ஒலி மேலே போய்த் திரும்ப ஏறத்தாழ கால் நொடி ஆகும். கைதட்டல் போன்ற ஒலி நொடியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் தாமதித்து, போதிய வலுவோடு வந்தால் காது அதைத் தனி எதிரொலியாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால், அங்கே ஒரே கட்டணத்தில் இசையை இரண்டு முறை கேட்கலாம் என்று கேலி பேசுவது வழக்கமாக இருந்தது. 1969இல்தான் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணாடியிழைத் தட்டுகளைக் கூரையின்கீழ் காளான்கள்போலத் தொங்கவிட்டு அந்தத் தொல்லையைப் பெருமளவு அடக்கினார்கள்.

திறந்தவெளிக் கச்சேரியில் கூரை இல்லை. ஆனால் அதே சிக்கல் ஸ்பீக்கர் உருவில் வருகிறது. மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி ஒரு துணை ஸ்பீக்கர் கோபுரம் இருந்தால், மின்குறிப்பு அங்கே உடனே சேர்ந்துவிடும். மேடையின் ஒலியோ காற்றில் நொடிக்கு 343 மீட்டர் வேகத்தில் நடந்துவர ஐந்தில் ஒரு நொடி எடுக்கும். எனவே கோபுரத்தின் ஒலியை அந்த அளவுக்கும், இன்னும் சில மில்லி நொடிகளும் தாமதப்படுத்துகிறார்கள். முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை நம்பும் என்பதால், பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கர் முழங்கினாலும் பாட்டு மேடையிலிருந்தே வருவதுபோல் தோன்றும்.

இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால், ஒலிப் பொறியாளரின் மேசைக்கு அருகில் நில்லுங்கள். அவர் குரல்களைச் சமன் செய்வது அந்த இடத்தில் தமக்குக் கேட்பதை வைத்துத்தான். மேடைக்கு ஒட்டிய முன்வரிசையில் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் நேராகக் காதில் அறைவதால் குரல்கள் அமுங்கிப் போவதுண்டு.