சரிந்துபோன சும்மாடு

தக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “நேந்திரங்காய் சிப்ஸ் தின்னும்போதும் கொட்டாவி விடும்போதும் வலது காதோரம் ‘டக்’ என்று சத்தம் வருகிறது. வலி இல்லை. எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள். எலும்பு தேய்கிறதா?”

இல்லை அம்மா. சத்தத்துக்குக் காரணம் எக்ஸ்ரேயில் தெரியாத ஒரு சிறு தட்டு.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து பாருங்கள். முதலில் விரலடியில் ஏதோ உருளும். இன்னும் திறந்தால் அது முன்னால் நழுவிப்போய், இருந்த இடத்தில் பள்ளம் விழும். நழுவியது கீழ்த்தாடையின் குமிழ். கதவைத் திறந்தால் கீல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தாடையோ கீலையும் கூட்டிக்கொண்டு நடக்கிறது.

வாயை மூடுவதற்குத்தான் ஆள்பலம் அதிகம், மூன்று தசைகள்: கன்னத்தில் மாசெட்டர், பொட்டில் விசிறியாக விரிந்த டெம்பொராலிஸ், தாடையின் உட்புறத்தில் உள் டெரிகாய்டு. பனங்கிழங்கைக் கடிக்கும்போது பொட்டில் கை வைத்தால் டெம்பொராலிஸ் புடைப்பது தெரியும். குமிழை முன்னால் இழுப்பது வெளி டெரிகாய்டு தசை. பக்கவாட்டுப் பிணைப்புநார் ஒன்றும் துணைநார்கள் இரண்டும் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்கின்றன.

இனி அந்தத் தட்டு. குமிழ் உட்காரும் குழி பொட்டெலும்பில் இருக்கிறது. குழிக்கு முன்னால் ஒரு மேடு. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே நார்க்குருத்தெலும்பாலான தட்டு, நடுவில் மெலிந்து, முன்னும் பின்னும் தடித்தது. குளச்சலில் மீன்கூடை சுமக்கும் பெண்கள் தலையில் வைக்கும் சும்மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் திறக்கும்வரை, குமிழ் பெரும்பாலும் சும்மாட்டுக்கு அடியில் சுழல்கிறது. அதன்பிறகு சும்மாட்டோடு சேர்ந்தே மேட்டின் சரிவில் வழுக்கி இறங்குகிறது. அடியில் சுழற்சி, மேலே வழுக்கல்: ஒரே மூட்டுக்குள் இரண்டு மூட்டுகள்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சும்மாடு நெற்றிப் பக்கம் சரிந்துவிட்டால்? வாய் மூடியிருக்கையில் தட்டு குமிழுக்கு முன்னால் கிடக்கும். திறக்கும்போது குமிழ் அதன் தடித்த பின்விளிம்பைத் தாண்டி, மெலிந்த நடுப்பகுதியில் போய் விழும். அதுதான் உங்கள் ‘டக்’. மூடும்போது மறுபடி நழுவுவதால் சிலருக்கு இன்னொரு சன்னமான சத்தமும் கேட்கும். எம்ஆர்ஐ எடுத்தால் தட்டு தெரியும். ஆனால் வலி இல்லாமல், வாய்க்குள் மூன்று விரல் நுழைகிற வரையில் வெறும் சத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம். சத்தம் திடீரென்று நின்று, வாயும் சரியாகத் திறக்காமல் போனால்தான் பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். தட்டு முன்னாலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம்.

கொட்டாவி என்றதும் என் பெரியம்மா நினைவுக்கு வருகிறார். அம்மன் கோவில் கொடையில், நடுச்சாமத்து வில்லுப்பாட்டுக்கு நடுவே பெரிதாகக் கொட்டாவி விட்டார். திறந்த வாய் மூடவில்லை. சொடக்குப் போடாததால் வந்த வினை என்றாள் ஒரு பாட்டி. நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். குமிழ் மேட்டைத் தாண்டி முன்னால் மாட்டிக்கொண்டிருந்தது; திருநீறு அதற்கு என்ன செய்யும்? கடைசியில் வர்ம ஆசான் ஒருவர் வந்து, கட்டைவிரல்களைக் கடைவாய்ப் பற்கள்மேல் வைத்து முதலில் கீழே அழுத்தி, பிறகு பின்னால் தள்ளினார். மேட்டுக்குக் கீழே இறங்கினால்தானே பின்னால் போக முடியும்! மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கும் முறையும் இதுதான். கிரேக்கத்து ஹிப்போகிரட்டிஸ் பெயரிலுள்ள நூல்களிலும் இதை ஒத்த முறை இருக்கிறது. வர்மத்தின் பெருமையை மேடையில் முழங்க ஆகும் செலவில் ஒரு பங்கை, ஆசான்களின் கைப்பிடிகளைப் படமெடுத்துச் சோதிக்க ஒதுக்கலாம். எது வேலை செய்கிறது, எது வெறும் நம்பிக்கை என்று தெரிந்துவிடும்.

அழுத்துவதற்கு முன் அந்த ஆசான் இரண்டு கட்டைவிரல்களிலும் துண்டைக் கிழித்துச் சுற்றினார். அதுவும் ஏதோ மந்திரக் கட்டு என்றுதான் அன்று நினைத்தேன். குமிழ் குழிக்குள் திரும்பிய மறுநொடி, அதுவரை முறுக்கி நின்ற மாசெட்டர் வாயைப் படாரென்று மூடியது. விரலை உருவ ஆசானுக்கு நேரமிருக்கவில்லை. துண்டில் பெரியம்மாவின் பல் பதிந்திருந்தது.