தொற்று உறுதியானவர் எப்படி ஓட்டுப் போடுவார்?

2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். தொற்று உறுதியானவருக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தபால் வாக்கு, மற்றொன்று வாக்குச்சாவடியின் கடைசி ஒரு மணி நேரம். காகிதத்தில் முதல் வழிதான் பாதுகாப்பானது. ஆனால் நோயின் நாள்கணக்கையும் தேர்தலின் நாள்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உண்மையில் உதவக்கூடியது இரண்டாவது வழி மட்டுமே என்று தெரியும்.

நோயின் கணக்கு இது. வைரஸ் உடலுக்குள் நுழைந்து அறிகுறி தெரிய சராசரியாக 5 நாள் ஆகிறது. அறிகுறி தெரிவதற்கு சுமார் 2 நாள் முன்பே அவர் மூலம் பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. லேசான பாதிப்பு உள்ளவர்களிடம், அறிகுறி தொடங்கிய 10 நாளுக்குள் பரவும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும். ஆக, ஒருவர் பிறருக்கு ஆபத்தாக இருப்பது ஏறக்குறைய 12 நாள்.

தேர்தலின் கணக்கு வேறு. கொரோனா நோயாளி, 80 வயதைக் கடந்தவர், மாற்றுத்திறனாளி ஆகியோர் தபால் வாக்குக் கேட்டுப் படிவம் 12டி என்ற விண்ணப்பத்தை அப்போது கொடுக்க வேண்டியிருந்தது. தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அறிவிக்கை வெளியானது மார்ச் 12, கடைசி நாள் மார்ச் 16. வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் முன்பே கதவு மூடிவிட்டது. மார்ச் 16 அன்று தொற்றோடு விண்ணப்பித்தவர் ஏப்ரல் 6க்குள் பெரும்பாலும் குணமாகியிருப்பார். ஏப்ரல் 6 அன்று தொற்றோடு இருந்தவருக்கோ, மார்ச் 16 அன்று அந்த வைரஸ் உடம்பிலேயே இருந்திருக்காது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அருமையாகப் பொருந்தும் ஏற்பாடு, தொற்றுநோய்க்குப் பொருந்தாமல் போனது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 12டி ஏற்கப்பட்டதும் வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே குறி போடப்படும். பிறகு குணமாகி வாக்குச்சாவடிக்கு வந்தாலும் அங்கே வாக்களிக்க முடியாது. அலுவலர்கள் வாக்குச்சீட்டோடு வீட்டுக்கு வந்து வாக்கு வாங்குவார்கள். அவர்கள் வரும் நாளில் அவர் மருத்துவமனையில் இருந்தால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால் வாக்கு போய்விடும்.

வீட்டில் வாக்களிப்பதிலும் கவனம் வேண்டும். வாக்குச்சீட்டைச் சிறிய உறையில் (13பி) போட்டு ஒட்ட வேண்டும். அந்த உறையையும், கையெழுத்திட்டு அலுவலர் சான்றளித்த உறுதிமொழியையும் (13ஏ) சேர்த்துப் பெரிய உறையில் (13சி) வைக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் பிழை, உறுதிமொழியையும் சீட்டோடு சேர்த்துச் சிறிய உறைக்குள் வைத்து ஒட்டிவிடுவது. எண்ணும் இடத்தில் பெரிய உறையைப் பிரித்ததும் முதலில் தேடுவது உறுதிமொழியைத்தான். அது இல்லையென்றால் சிறிய உறையைப் பிரிக்காமலேயே வாக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

யார் நோயாளி என்று முடிவு செய்வது பரிசோதனை. அதன் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தமிழ்நாடு தொடக்கம் முதலே ஆர்டி-பிசிஆர் சோதனையை நம்பியது. மூக்கின் வழியே பின்தொண்டை வரை பஞ்சுக்குச்சியை விட்டு, சுழற்றி, சில நொடி வைத்திருந்து எடுக்க வேண்டும். மூக்கின் முன்பகுதியை மட்டும் தொட்டு எடுத்தால், தொற்று இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். குச்சி சுமார் 3 மில்லி திரவம் உள்ள குழாயில் போடப்பட்டு, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே வைரஸின் ஆர்என்ஏவைப் பிரித்து, டிஎன்ஏவாக மாற்றி, சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிக்க வைக்கிறார்கள். டிஎன்ஏ பெருகும்போது கூடவே சேர்த்த சாயம் ஒளிரும். எத்தனையாவது சுழற்சியில் அந்த ஒளி தென்படுகிறதோ அதுதான் சிடி மதிப்பு. 35க்குள் தென்பட்டால் தொற்று உண்டு என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வைத்த வரம்பு. 20இல் தென்படுவதற்கும் 33இல் தென்படுவதற்கும் இடையே மாதிரியில் உள்ள வைரஸ் அளவு ஏறத்தாழ எட்டாயிரம் மடங்கு வேறுபடும். இருவருக்கும் அறிக்கையில் வருவது ஒரே சொல்தான்.

இயந்திர வேலை சில மணி நேரத்தில் முடிந்தாலும், மாதிரி போய்ச் சேர்ந்து முடிவு திரும்பி வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். வைரஸின் புரதத்தை நேரடியாகத் தேடும் ஆன்டிஜென் விரைவுச் சோதனை 15 முதல் 30 நிமிடத்தில் முடிந்துவிடும். 2020 ஜூனில் அது அனுமதிக்கப்பட்டபோது மதிப்பிட்ட அளவில், தொற்று உள்ளவர்களில் 50.6 முதல் 84 சதவீதம் பேரைத்தான் அது கண்டுபிடித்தது. அது உண்டு என்றால் நம்பலாம். இல்லை என்று சொல்லி, ஆனால் காய்ச்சலோ இருமலோ இருந்தால், ஆர்டி-பிசிஆர் எடுத்தே ஆக வேண்டும்.

எந்தச் சோதனையாக இருந்தாலும், தொற்று ஏற்பட்ட முதல் சில நாள்களில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். வாக்குப்பதிவு நாளில் நோயைச் சுமந்துகொண்டு, அது தெரியாமலேயே வரிசையில் நிற்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அன்று மாநிலத்தில் பதிவான புதிய தொற்று சுமார் 3,600. இது சோதனையில் அகப்பட்டவர்களின் எண்ணிக்கை மட்டும்.

அதனால்தான் வாக்குச்சாவடி ஏற்பாடு முழுவதும், வருபவர் எவருக்கும் தொற்று இருக்கலாம் என்ற அடிப்படையில் அமைந்தது. ஒரு சாவடிக்கு 1,500 என்றிருந்த வாக்காளர் உச்சவரம்பு 1,000 ஆனது. சாவடிகளின் எண்ணிக்கை 88,000ஐத் தாண்டியது. வாக்குப்பதிவு காலை 7 முதல் இரவு 7 வரை நீண்டது. வாசலில் வெப்பமானி, கிருமிநாசினி, வலது கைக்கு ஒரு பாலித்தீன் கையுறை. இவற்றில் மிகப் பெரிய பலன் தந்தது ஆயிரம் பேர் என்ற வரம்புதான் என்பது எங்கள் கணிப்பு. வரிசை குறைந்தால் நெருக்கமும் குறையும், நிற்கும் நேரமும் குறையும்.

வெப்பமானியை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. நெற்றித் தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அது அளக்கிறது, உடலின் உள்வெப்பத்தை அல்ல. சித்திரை நெருங்கும் வெயிலில் அரை மணி நேரம் நின்றவரின் நெற்றி சுடும், வியர்த்து வழிபவரின் நெற்றி குளிரும். நிழலில் சில நிமிடம் உட்காரவைத்து, நெற்றியைத் துடைக்கச் சொல்லி, மறுபடி அளப்பது அவசியம். இரண்டாம் முறையும் வரம்பைத் தாண்டினால் டோக்கன் கொடுத்துக் கடைசி மணி நேரத்தில் வரச் சொல்ல வேண்டும் என்பதே அப்போதைய விதி. அவசரப்பட்டு முதல் அளவிலேயே திருப்பி அனுப்பினால், தொலைவிலிருந்து வந்த கூலித் தொழிலாளி மாலையில் மறுபடி வரமாட்டார்.

கையுறை கண்ணுக்குத் தெரிந்ததால் எல்லாரும் அதைப் பற்றிப் பேசினார்கள். இந்த வைரஸ் முக்கியமாகக் காற்றில் பரவுவது, ஆகவே சன்னல்தான் முக்கியம். இங்கே இரண்டு நியாயமான தேவைகள் மோதிக்கொள்கின்றன. வாக்கு ரகசியத்துக்காக, வாக்களிக்கும் மறைவிடத்தைச் சன்னலுக்கோ கதவுக்கோ அருகில் வைக்கக்கூடாது, அருகில் சன்னல் இருந்தால் அடைக்க வேண்டும். பள்ளி வகுப்பறையில் வழக்கமான மூலையில் மறைவிடத்தை வைத்துவிட்டு அந்தப் பக்கச் சன்னலை அடைத்தால் காற்றோட்டம் நின்றுபோகும். முந்தைய நாளே அறையைப் பார்த்து, சன்னலே இல்லாத சுவரோடு மறைவிடத்தை ஒட்டி வைத்தால், எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டையும் திறந்தே வைக்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

மாலை 6 முதல் 7 வரை தொற்று உள்ளவர்களின் நேரமாக இருந்தது. அலுவலர்கள் முழு உடல் கவச உடை அணிந்திருக்க வேண்டியிருந்தது. உடையைப் போடும்போது யாரும் தவறுவதில்லை. கழற்றும்போதுதான் ஆபத்து. அதிகம் அசுத்தமான கையுறையை முதலில், உள்பக்கம் வெளியே வருமாறு உருட்டிக் கழற்ற வேண்டும். பிறகு உடை, பிறகு கண்ணாடி, முகக்கவசம் கடைசி. ஒவ்வொரு படிக்கும் இடையே கையைச் சுத்தம் செய்ய வேண்டும். நாள் முழுக்க உழைத்துக் களைத்தவர்கள், வாக்கு இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும் அவசரத்தில் முகக்கவசத்தை முதலில் இழுத்துவிடுகிறார்கள். அதனால் ஒருவர் கழற்ற இன்னொருவர் பார்த்துச் சொல்லும் முறை நல்லது.

நேரத்தைப் பிரிப்பதா, இடத்தைப் பிரிப்பதா என்பதில் தென்கொரியாவின் அனுபவம் தெளிவானது. 2020 ஏப்ரல் 15 நாடாளுமன்றத் தேர்தலில், தனிமையில் இருந்தவர்களுக்குப் பொது வாக்குப்பதிவு முடிந்த மாலை 6 மணிக்குப் பிறகு நேரம் ஒதுக்கினார்கள். ஏற்பாடு நன்றாகவே நடந்தது. 2022 அதிபர் தேர்தலின் முன்கூட்டிய வாக்குப்பதிவில், மார்ச் 5 அன்று தொற்றாளர்களுக்குத் தனியிடம் அமைத்தார்கள். அங்கே வாக்குப்பெட்டி இல்லாததால் வாக்குச்சீட்டுகளைக் கூடைகளிலும் பைகளிலும் வாங்கி அலுவலர்கள் எடுத்துச் சென்றார்கள். ஏற்கெனவே குறியிட்ட சீட்டுகள் சில வேறு வாக்காளர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பெரும் கண்டனம் எழுந்தது. மார்ச் 9 முதன்மை வாக்குப்பதிவில் தொற்றாளர்கள் மாலை 6 முதல் 7.30 வரை அதே சாவடியில், அதே பெட்டியில் தங்கள் கையாலேயே சீட்டைப் போட்டார்கள்.

இங்கிலாந்து இன்னொரு வழியைக் கண்டது. 2021 மே 6 உள்ளாட்சித் தேர்தலில், தொற்றால் தனிமைப்படுத்தப்பட்டவர் வாக்குப்பதிவு நாள் மாலை 5 மணி வரை, தனக்குப் பதிலாக வாக்களிக்க ஒருவரை நியமிக்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள். காலையில் சோதனை முடிவு வந்தாலும் மாலைக்குள் வாக்கைச் செலுத்திவிட முடியும். இந்தியாவில் பதிலாள் வாக்கு படைவீரர் போன்ற பணி வாக்காளர்களுக்கு மட்டுமே உண்டு.

மே 2 ஞாயிறன்று நடந்த வாக்கு எண்ணிக்கைக்கும் பரிசோதனை விதி வந்தது. எண்ணும் இடத்துக்குள் நுழையும் வேட்பாளரும் முகவரும் 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் அல்லது விரைவுச் சோதனையில் தொற்றில்லை என்ற அறிக்கை காட்ட வேண்டும், அல்லது இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அதற்குள் மாநிலத்தின் தினசரித் தொற்று 20,000ஐத் தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கொடுத்த மாதிரி வெள்ளிக்கிழமை நிலையை மட்டுமே சொல்லும். தொற்று இவ்வளவு வேகமாக ஏறும் வாரத்தில், ஞாயிறு காலை வாசலிலேயே ஒரு விரைவுச் சோதனையும் சேர்த்திருந்தால், இடைப்பட்ட இரண்டு நாளில் வைரஸ் பெருகியவர்களில் சிலரையாவது அரங்கத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கலாம்.